ஒரு கீறல் இல்லாமல்

"சிறகுல கை வைக்காதே. நடுவுல பிடி," என்றார் அப்பா.

அவள் குனிந்தபடியே திரும்பிப் பார்த்தாள். அம்மா போய் அரை நாள்கூட ஆகவில்லை. உள்ளறையில் கட்டிலில் கிடக்கிறாள். நடுவில் குழி விழுந்த பழைய கட்டில் அது. அதிலேயே விட்டுவைத்தால் உடம்பு வளைந்தபடி விறைத்துப் போகும், சமமான இடத்துக்கு மாற்றிவிடுங்கள் என்று சவ வண்டிக்காரர் போனில் சொல்லியிருந்தார். வீட்டில் ஓர் ஆள் நீளத்துக்குச் சமமாக இருந்தது ஒரே ஒரு மேஜைதான். கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு கிடக்கும் அப்பாவின் மேஜை. அதன் மேல் அவர் கையால் செய்த மாதிரி விமானம் இருந்தது.

"எங்க வைக்கிறது?" என்று கேட்டாள்.

"சுவத்துல ஆணி இருக்கு பாரு, அதுல... வேண்டாம். அது பழசுக்கு அடிச்சது, இதைத் தாங்காது. பீரோ மேல வை. வால் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கட்டும். வால் எதுலயும் படக் கூடாது."

அம்மாவின் தம்பி பஸ் ஓட்டுகிறவர். செய்தி கேட்டு வேலை உடுப்போடு வந்திருந்தார். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "வால் படக் கூடாதாம். எங்க அக்கா எங்க பட்டாலும் பரவாயில்ல," என்றார்.

அவள் விமானத்தை நடுவில் பிடித்துத் தூக்கினாள். கையை விரித்தால் அவள் அகலத்துக்கு இருக்கும் சிறகுகள். ஆனால் கைக்குழந்தை கனம்கூட இல்லை. இவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்ட பொருள் இவ்வளவு லேசாக இருந்தது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. நாற்காலியில் ஏறி அதை பீரோ மேல் வைத்தாள். வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இறங்கி, மேஜை மேல் மிச்சமிருந்ததை அள்ளினாள். உப்புத்தாள், பசை டப்பா, ஊசிகள், நூல்கண்டு, சின்னச் சின்ன ஈயத் துண்டுகள், பேட்டரி சார்ஜர். கூடவே அம்மாவின் இஸ்திரிப் பெட்டி. சிறகுக்கு மேல் சுற்றும் வழவழப்பான தாளைச் சூடு வைத்துத்தான் ஒட்ட வேண்டும். சூடு கூடினால் தாள் சுருங்கிக் கிழியும், குறைந்தால் ஒட்டாது. அம்மா திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள், துணிக்கும் தாளுக்கும் அவள் கைக்குத் தெரிந்த சூடு அப்பாவுக்குத் தெரியாது. இந்த விமானத்தின் தோல் முழுக்க அம்மா ஒட்டியது.

அவள் இஸ்திரிப் பெட்டியைச் சமையலறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஈரத் துணியால் மேஜையைத் துடைத்தாள். மரத்தூள் துணியில் பழுப்பாக ஏறியது. எத்தனை முறை துடைத்தாலும் ஏறிக்கொண்டே இருந்தது.

மாமா தலைப்பக்கம் பிடித்தார். அப்பா கால்பக்கம். அவள் இடுப்புக்குக் கீழே கைகொடுத்தாள். "மெதுவா, மெதுவா, சாயாம," என்றார் அப்பா. அந்தக் குரலை அவள் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். மேஜைப் பக்கத்திலிருந்து வரும் குரல்தான்.

*

அப்பா பறக்கவிடுவது தன்னிஷ்டத்துக்கு வானத்தில் போகும் விமானம் இல்லை. இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகளின் நுனியில் பறப்பது. கம்பிகளின் மறுநுனி ஆள் கையில், ஒரு கைப்பிடியில் இருக்கும். ஆள் வட்டத்தின் நடுவில் நின்று அதோடு சேர்ந்து சுற்ற வேண்டும். மணிக்கட்டை மேலே சாய்த்தால் மூக்கு ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும். அந்தக் கைக்கு அவ்வளவுதான் அதிகாரம். மோட்டாரை நிறுத்துகிற பொத்தான் கையில் கிடையாது. அது விமானத்துக்குள்ளே இருக்கும் டைமர் பார்த்துக்கொள்ளும் வேலை. ஓட வேண்டிய நேரத்தை முன்பே வைத்துவிட்டால் அத்தனையும் ஓடி முடித்துத்தான் நிற்கும்.

"எங்க மச்சான் செக்குமாடு மாதிரி சுத்துறாரு. செக்குமாடு சுத்தினாலாவது எண்ணெய் கிடைக்கும்," என்பார் மாமா. அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். அப்பாவுக்குக் காதில் விழாது. விழுந்தாலும் விழாது.

அவர் லிப்ட் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். காலமெல்லாம் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று, உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம், "பயப்படாதீங்க, வந்துட்டேன், இதோ வந்துட்டேன்," என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர். வேலையை விட்டதும் மேஜை வந்தது. முதலில் செய்தது எண்ணெய் எஞ்சின் விமானம். அதை ஓட்டிவிட்டு வந்தால் சட்டை, தலைமுடி, சோற்றுத் தட்டு எல்லாம் எண்ணெய்ப் புகை நாறும். அம்மாவுக்கு நெஞ்சுச் சளி தொடங்கிய பிறகு அந்த நாற்றம் பட்டாலே இருமல் நிற்காது. அப்பா யோசித்தார். எண்ணெய் எஞ்சினைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, பேட்டரியில் ஓடும் மோட்டார் வைத்து, அதற்கென்று புதுசாக இந்த விமானத்தைத் தொடங்கினார்.

"பொண்டாட்டி இருமுறான்னு எஞ்சினையே மாத்தின மனுஷன் வேற யாரு இருக்கா?" என்று கீழ்வீட்டம்மா சொல்வார். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் பெரிய உடம்புக்காரம்மா. அம்மா அதற்கு, "ஆமா, என்னை மாத்தறதுக்கு எஞ்சினை மாத்தறது சுலபம்தானே," என்பாள்.

மாற்றியது ஒரு தடவையோடு முடியவில்லை. புது விமானம் தலைக்கு மேலே ஏறும்போதெல்லாம் கம்பி தொய்ந்தது. கம்பி தொய்ந்தால் கை சொல்வது விமானத்துக்குப் போகாது, கல் மாதிரி விழும். இரண்டு தடவை விழுந்து, இரண்டு தடவையும் முதலிலிருந்து ஒட்டினார்கள். வட்டத்துக்கு வெளிப்பக்கம் இருக்கும் சிறகின் நுனியில் ஈயத் துண்டு வைத்தார். கூட்டினார், குறைத்தார். பேட்டரியை முன்னால் நகர்த்தினார், பின்னால் நகர்த்தினார். வருஷங்கள் போயின. சாப்பிடும்போது பேச்சே அதுதான். "இன்னைக்கு நகக்கண் அளவு பின்னால தள்ளினேன். வித்தியாசம் தெரியுது."

"என்னையும் கொஞ்சம் பின்னால தள்ளிப் பாருங்க. மூச்சு சரியா வருதான்னு பாப்போம்," என்றாள் அம்மா ஒருநாள். அவர் உண்மையாகவே எழுந்து அவள் நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்தினார். அம்மா சிரிக்கப் போய் இருமல் வந்து, தட்டை அப்படியே வைத்துவிட்டாள்.

முன்பெல்லாம் விமானத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, அவர் தலையசைத்ததும் விடுவது அம்மாவின் வேலை. மைதானம்வரை நடக்க மூச்சு போதாமல் போனதும், அவர் தரையில் ஒரு முளை அடித்து, அதில் கொக்கி மாட்டி, கொக்கியிலிருந்து கயிறு இழுத்துத் தன் காலடிவரை கொண்டு வந்தார். கயிற்றைச் சுண்டினால் கொக்கி விடும், விமானம் கிளம்பும். யாரும் கூட வர வேண்டாம்.

"என் வேலைக்கு ஒரு கொக்கி போதுமா இருந்திருக்கு. அதுக்குச் சோறும் போட வேண்டாம்," என்று அம்மா சொன்னாள். அப்போதும் எல்லோரும் சிரித்தார்கள்.

*

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அப்பா முக்காலியிலேயே இருந்தார். கால்சட்டை முட்டியில் புல்லின் பச்சைக் கறை. மாற்றிக்கொள்ளச் சொன்னாள், மாற்றவில்லை. வந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கும் முதல் கேள்வி, "பக்கத்துல இருந்தீங்களா?" அவர் ஒவ்வொருவரிடமும் ஒரே பதிலைச் சொன்னார்.

"மைதானத்துல இருந்தேங்க. பொண்ணு வந்து கூப்பிட்டா. நடுவுல நிறுத்த முடியாதுங்க. டைமர் ஓடி முடியணும். கம்பியை விட்டா எங்கயாவது போய் யார் மண்டையிலயாவது இடிக்கும்."

"ஐயோ பாவம்," என்றார்கள். "யாராலதான் என்ன செய்ய முடியும்?"

அவள் தேநீர்த் தம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்வந்தாள். அவளுக்கும் அது தெரிந்ததுதான். நிறுத்த முடியாது. அவள் காலையிலிருந்து அதைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடிக்கொண்டிருந்தாள்.

காலையில் அவள் ரொட்டிக் கம்பெனியில் இரவு வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அம்மா விழித்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. "அப்பா எங்க?" என்றாள்.

"எங்க போவாரு? மைதானத்துக்குத்தான்."

"கூட்டிட்டு வா."

"வந்துருவாரும்மா. நான் இருக்கேன்ல? என்ன வேணும் சொல்லு."

"அவர்கிட்ட ஒண்ணு சொல்லணும். கூட்டிட்டு வா. இப்ப."

அப்பாவின் போன் அலமாரியில் கிடந்தது. கையில் கம்பி இருக்கும்போது போன் எதற்கு என்று அவர் எடுத்துப் போவதே இல்லை. அவள் கீழ்வீட்டம்மாவைக் கூப்பிட்டு அம்மா பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு ஓடினாள். தெரு முடிந்து, தண்ணீர்த் தொட்டி தாண்டி, மூடிக் கிடக்கும் தொழிற்சாலைக்குப் பின்னால் மைதானம். அவள் போய்ச் சேர்ந்தபோது விமானம் அப்போதுதான் தரையை விட்டு எழும்பியிருந்தது.

வட்டத்துக்குள் போக முடியாது. கண்ணுக்குத் தெரியாத கம்பி கழுத்து உயரத்தில் சுற்றி வரும். வெளியே நின்று, "அப்பா! அம்மா கூப்பிடுறாங்க!" என்று கத்தினாள். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். அவர் சுற்றும்போது முகம் அவள் பக்கம் திரும்பியது. பார்த்தார். இடது கையை விரித்துக் காட்டினார். பொறு என்று.

அதன் பிறகுதான் வித்தைகள் தொடங்கின.

சும்மா வட்டமாகச் சுற்றியிருந்தாலும் டைமருக்கு அதே நேரம்தான். அது அவளுக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் அவர் சும்மா சுற்றவில்லை. குட்டிக்கரணம் அடிக்க வைத்தார். தலைகீழாகப் போக வைத்தார். எட்டு போட வைத்தார், தலைக்கு நேர் மேலே கொண்டுபோய் இன்னொரு எட்டு. மனைவி கூப்பிடுகிறாள் என்று செய்தி வந்து நிற்கும்போது ஒரு மனிதரால் எட்டு போட முடிகிறது. அந்த ஒன்றுதான் காலையிலிருந்து அவளை உறுத்திக்கொண்டிருந்தது.

மோட்டார் நின்றதும் விமானம் காற்றில் வழுக்கி இறங்கி, சக்கரம் உருண்டு நின்றது. அப்பா கைப்பிடியைப் புல்லில் போட்டுவிட்டு ஓடி வந்தார். நடுவில் முட்டி மடங்கி விழுந்தார், எழுந்து மறுபடி ஓடினார். தண்ணீர்த் தொட்டி திரும்பும்போதே கீழ்வீட்டம்மா வாசலில் நிற்பது தெரிந்தது. அம்மாவை விட்டுவிட்டு வெளியே வந்து நிற்கிறார் என்றால் என்னவென்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் அப்பா ஓட்டத்தை நிறுத்தவில்லை.

இப்போது சமையலறையில் தம்ளர் கழுவிக்கொண்டே கீழ்வீட்டம்மா தாழ்ந்த குரலில் சொன்னார்.

"கடைசில என்னமோ ஒண்ணு கேட்டுட்டே இருந்தாங்கம்மா. எனக்குத்தான் புரியல."

"என்ன கேட்டாங்க?"

"'சத்தம் நின்னுடுச்சா, சத்தம் நின்னுடுச்சா'ன்னு. என்ன சத்தம்மான்னு கேட்டேன். ஒரு சத்தமும் இல்லம்மான்னேன். அப்படியே வாசலையே பாத்துட்டு இருந்தாங்க."

அவள் கையிலிருந்த தம்ளரைக் கழுவித் தண்ணீர் வடியக் கவிழ்த்தாள். எண்ணெய் எஞ்சின் இருந்த காலத்தில் அதன் உறுமல் மைதானத்திலிருந்து வீடுவரை கேட்கும். அம்மா தையல் மிஷினில் இருந்தபடியே காது கொடுத்துக்கொண்டிருப்பாள். சத்தம் நின்றதும் எழுந்து அடுப்பில் தண்ணீர் வைப்பாள். தண்ணீர் கொதிக்கும்போது அப்பா படியேறுவார். பேட்டரி மோட்டாருக்குச் சத்தம் பக்கத்தில் நின்றாலே கொசு ரீங்காரம் அளவுதான். அவர் பறக்கவிட்டுக்கொண்டிருக்கிறாரா, இறக்கிவிட்டாரா, வந்துகொண்டிருக்கிறாரா என்று அதன் பிறகு அம்மாவுக்கு எதுவும் தெரிந்ததில்லை.

"ஏதோ நெனப்பு தப்பிப் பேசியிருக்காங்க," என்றார் கீழ்வீட்டம்மா.

"ஆமா," என்றாள் அவள்.

*

மறுநாள் காலையில் பல் டாக்டர் வந்தார். மைதானத்தில் விமானம் விடுகிற இன்னொருவர் அவர்தான். நெட்டையான மனிதர், நோயாளியின் வாய்க்குள் பேசிப் பழகிய மெல்லிய குரல். நேற்று வழக்கம்போல மைதானத்துக்குப் போனவர், ஆள் இல்லாமல் விமானம் மட்டும் புல்லில் நிற்பதைப் பார்த்து, கம்பிகளைச் சுருட்டி, காரில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான். கொடுக்க வந்த இடத்தில்தான் அவருக்கே செய்தி தெரிந்தது.

அம்மாவின் காலடியில் பூ வைத்துவிட்டு, அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டு வெளியே வந்தார். வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. அவள் வாசற்படியில் அவருக்குத் தேநீர் கொடுத்தாள். என்ன பேசுவதென்று தெரியாத ஆண்கள் துக்க வீட்டில் எதையாவது பேசுவார்கள். அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"உங்கப்பா கை பெரிய கைம்மா," என்றார். "நேத்து அந்தப் பதட்டத்துலயும் எப்படி இறக்கியிருக்காரு தெரியுமா? புல்லுல சக்கரத் தடம் நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. விமானத்துல ஒரு கீறல் இல்ல. நானா இருந்தா அந்த நேரத்துல மூக்கைத் தரையில குத்திட்டு ஓடி வந்திருப்பேன்."

அவள் தட்டைப் பிடித்தபடி நின்றாள். "குத்தினா?"

"குத்தினா அவ்வளவுதான், நின்னுடும். மூக்குல சுத்துற விசிறி எதுலயாவது இடிச்சா மோட்டாருக்குப் போற கரண்டு தானா நின்னுடும். இல்லன்னா எரிஞ்சு போயிடுமே. இந்தப் பேட்டரி மோட்டார்ல அது ஒரு வசதி."

"விமானம் போயிடாதா?"

"தாழ்வா சுத்திட்டு வரும்போது அப்படியே புல்லுல உரசவிட்டா விசிறி ஒடையும். மிஞ்சிப் போனா சக்கரக் கம்பி வளையும். ஒரு சாயங்காலம் உக்காந்தா சரி பண்ணிடலாம்." அவர் ஒரு வாய் குடித்தார். அப்போதுதான் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "ஆனா பதட்டத்துல அதெல்லாம் யாருக்கும் தோணாதும்மா. கை தானா பழகின வேலையைத்தான் செய்யும்."

"சர்க்கரை போதுமா?" என்று கேட்டாள்.

"போதும். போதும்மா." தம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு அவர் காரைப் பார்த்து நடந்தார்.

வண்டி வந்தது. மாமா தலைப்பக்கம் பிடித்தார். புதைக்கிற இடத்தில் அம்மாவோடு திரைச்சீலை வேலை செய்த கிழவர் ஒருவர் அப்பாவின் கையைப் பிடித்து, பக்கத்தில் இருந்தீங்களா என்று கேட்டார். "மைதானத்துல இருந்தேங்க," என்று அப்பா தொடங்கினார். அவள் மண் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நடுவுல நிறுத்த முடியாதுங்க," என்றார் அப்பா. கிழவர் தலையை ஆட்டினார். பக்கத்தில் நின்ற மாமாவும் தலையை ஆட்டினார். நக்கலடிக்கும் மாமாகூட இந்த ஒரு விஷயத்தில் அவரை நம்பிவிட்டார். அவள் இரண்டு வார்த்தை சொன்னால் போதும், அந்த இடத்திலேயே மச்சான் சட்டையைப் பிடித்துவிடுவார். நாக்கு வரைக்கும் வந்தது. குழிக்குள் மண் விழும் சத்தம் தொடங்கியதும் விழுங்கிவிட்டாள்.

திரும்பி வந்ததும் மாமா முகம் கழுவிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். "சாயங்கால வண்டியை எடுக்க ஆள் இல்லன்னுட்டாங்க," என்றார். வாசலில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "அவரைப் பாத்துக்க புள்ள. என்னமோ கேலி பண்ணுவேனே தவிர, மனுஷன் ஒடஞ்சு போயிருக்காரு. அந்த நேரத்துல கையில கம்பி இருந்தது அவர் விதி. நீயும் ஏதும் கேக்காதே," என்றார்.

"சரி மாமா."

*

மதியத்துக்குப் பிறகு வீட்டில் இரண்டு பேர்தான். மேஜை காலியாக இருந்தது. அதன் மேல் விரித்திருந்த துணியைக் கீழ்வீட்டம்மா எடுத்துப் போயிருந்தார். அப்பா முக்காலியை விட்டு எழுந்து வந்து மேஜை முன்னால் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் வலது கை தானாக மேஜையின் ஓரத்துக்குப் போய்த் தேடியது. எப்போதும் உப்புத்தாள் இருக்கும் இடம். ஒன்றும் இல்லாமல் கை திரும்பி வந்தது.

அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா."

"ம்."

"நான் மைதானத்துக்கு வந்ததை எப்ப பாத்தீங்க?"

"வந்த உடனேயே பாத்தேன். கை காட்டினேனே."

"அதுக்கப்புறம்தானே குட்டிக்கரணமெல்லாம் போட்டீங்க?"

"சும்மா சுத்தினாலும் அதே நேரம்தாம்மா. டைமர்..."

"தரையில குத்தியிருக்கலாமாம்ல?" என்றாள். குரல் உயரவில்லை. அவளே எதிர்பார்த்த அளவுக்கு உயரவில்லை. "டாக்டர் சொன்னாரு. விசிறி மட்டும்தான் ஒடையுமாம்."

அப்பா மேஜையைப் பார்த்தார். மரத்தில் கத்தி விழுந்த பழைய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின.

"காத்து அடிச்சா சிறகும் போகும்," என்றார்.

"காத்து அடிச்சுதா?"

"இல்ல," என்றார். "ஒரு இலை அசையல."

வெளியே மேகம் கூடி அறை மங்கலாயிற்று. விளக்கைப் போட யாரும் எழவில்லை.

"நேத்துத்தான் அது சரியாப் பறந்துச்சு," என்றார் அப்பா. "இத்தனை வருஷத்துல நேத்துத்தான். தலைக்கு மேல போயும் கம்பி தொய்யல. கையில அப்படியே இழுத்துப் பிடிச்ச மாதிரி நின்னுச்சு. முந்தின நாள் ஒரு ஈயத்துண்டைக் குறைச்சேன். கூட்டணும் கூட்டணும்னே இவ்வளவு நாள் இருந்துட்டேன். குறைக்கணும்னு தோணவே இல்ல." அவர் நிறுத்தினார். "அவ தண்ணி கேக்கறான்னு நெனச்சேன். இல்ல, ஜன்னலைத் திறக்கணும்னு. எப்பவும் அதுக்குத்தானே கூப்பிடுவா. முடிச்சுட்டுப் போய் இதையும் சொல்லலாம்னு நெனச்சேன்."

"நான் ரெண்டு கையையும் தூக்கிக் கத்தினேன்பா."

"தூக்கினே," என்றார். தலையை நிமிர்த்தி முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஒரு வேலை ஏன் இப்படி ஆயிற்று என்று யோசிக்கும்போது இருக்கிற பார்வை. "அப்புறம் எறக்கிட்டே. ஒவ்வொரு சுத்துக்கும் உன்னைப் பாத்தேம்மா. நீ அண்ணாந்து விமானத்தைத்தான் பாத்துட்டு நின்னே. சிரிச்ச மாதிரிகூட இருந்துச்சு. அதனால அவ்வளவு அவசரம் இல்ல போலன்னு..."

மரத்தில் இருந்த கத்திக் கோடு ஒன்றை நகத்தால் நெருடினார்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கை வலித்துக் கீழே போட்டது உண்மை. நிறுத்த முடியாது என்று தெரிந்தபின் கத்தி என்ன ஆகப்போகிறது என்று நினைத்ததும் உண்மை. திரும்பி வீட்டுக்கு ஓடியிருக்கலாம். ஓட வேண்டும் என்று கால் திரும்பியும் இருந்தது. அந்த நேரத்தில்தான் விமானம் நேராக மேலே ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்றதுபோல நின்று, வயிற்றைக் காட்டிப் புரண்டது. அம்மா இஸ்திரி போட்டு ஒட்டிய வெள்ளைத்தாள் வெயிலில் உள்ளேயிருக்கும் மரச்சட்டங்கள் தெரிய மின்னியது. சத்தமே இல்லை. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு நாளும் மைதானத்துக்கு வந்து பார்த்ததில்லை. இதுவா, இதுக்குத்தானா என்று நினைத்தாள். இன்னொரு தடவை ஏறட்டும் என்று நினைத்தாள். அது ஏறியது. எத்தனை தடவை ஏறியது என்று அவளுக்குத் தெரியாது. நேற்றிரவு படுத்தபோது பின்கழுத்து வலித்தது. நின்று வேலை செய்த வலி என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டாள்.

"அப்பா," என்றாள்.

"ம்," என்றார் அவர்.

ஓட்டின் மேல் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். கீழே பின்முற்றத்தில் கொடியில் அம்மாவின் படுக்கை விரிப்பும் போர்வையும் இரண்டு நைட்டியும் காய்ந்துகொண்டிருந்தன. எல்லோரும் புதைக்கப் போயிருந்த நேரத்தில் கீழ்வீட்டம்மா துவைத்துப் போட்டிருக்க வேண்டும். நன்றாகவே காய்ந்திருந்தன. நைட்டியின் கைகள் லேசாக ஆடின.

முதலில் விரிப்பில் கறுப்புப் பொட்டுகள் விழுந்தன. பின்படிக்குப் போகும் கதவு அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. அவளுக்கும் தூரம் இல்லை. அவர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். பொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. மழை பிடித்துக்கொண்டது. துணிகள் ஒரே நிறமாகி, ஆட்டம் நின்று, கனத்துத் தொங்கின. கொடி நடுவில் தாழ்ந்துகொண்டே வந்து, போர்வையின் நுனி சேற்றைத் தொட்டது. இருவரும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.